ஹேண்ட்லிங் சார்ஜ் எக்ஸ்ட்ரா

தம்பி: வணக்கம் மேடம், கார் விஷயமா கிருஷ்ணகிரில இருந்து வரேன்.

அக்கா: வா கண்ணு வா, காலைல இருந்து ஒருத்தன் மாத்தி ஒருத்தன் போன்தான் பண்றானுங்க, நேர்ல வந்தவன் நீ ஒருத்தன்தான். வண்டி அதோ வேப்பமரத்தடில நிக்குது பாரு. டிரைவர் பக்கத்துக் கதவை மட்டும் கொஞ்சம் தூக்கி சாத்தணும், மத்தபடி ஒரு குறை சொல்ல முடியாது.

தம்பி: வரும்போதே பாத்தேன் மேடம். மாருதி எய்ட் ஹண்ட்ரட். சூப்பரா மெயின்டெயின் பண்ணிருக்கீங்க.

அக்கா: 2003ல எடுத்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004 பிப்ரவரிலதான், அப்படிப் பாத்தா வண்டி மாவட்டத்துக்கே மூத்தது. ஒரே ஓனரு. என் ரெண்டாவது பையன் பொறக்க தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு இதுலதான் போனேன், அவன் கல்யாணத்துக்கு சீர்வரிசைத் தட்டு போனதும் இதுலதான், பின் சீட்டைக் கழட்டிட்டா எட்டு க்ரேட் மாங்கா ஏத்தலாம்.

தம்பி: எங்க வண்டியப் பத்தியும் ரெண்டு நிமிஷம் சொல்லிடறேன் மேடம், ஆறு ஏர்பேக் வருது...

அக்கா: உன் வண்டிக் கதை எனக்கு எதுக்குப்பா, அதையும் வெச்சுக்க இதையும் வெச்சுக்க. சுத்தி வளைக்காம எவ்ளோன்னு ஒரே பேச்சா சொல்லு.

தம்பி: ஒரே பேச்சுன்னா... பத்து அம்பத்தி மூணு மேடம்.

அக்கா: பத்தாயிரத்து சொச்சமா? எந்திரிச்சுப் போ மொதல்ல.

தம்பி: ஐயோ ஆயிரம் இல்ல மேடம், பத்து லட்சத்து அம்பத்தி மூவாயிரம்.

அக்கா: ...

தம்பி: மேடம்?

அக்கா: உக்காரு கண்ணு. எந்த ஊரு நீ? வெயில்ல வந்திருக்க, மோர் குடி. இரு இரு, செந்தூரா மாம்பழம் இருக்குது, அறுத்துகினு வரேன்.

(அறுத்துகினு வந்தாங்க. ரெண்டு பழம். வந்த ஆளுக்கு ரெண்டு பழம் அறுக்கற வீடு இல்ல அது.)

அக்கா: இத பாரு, நான் மறைச்சுப் பேசமாட்டேன். ஏசி ஓடாது.

தம்பி: நம்மளுது ஆட்டோமேட்டிக் ஏசி மேடம், பின்னாடியும் காத்து வரும்.

அக்கா: ஹேண்ட் பிரேக் லூசு. மேட்டுல நிறுத்தினா பின்னாடி வரும்.

தம்பி: நம்மளுதுல ஹில் ஹோல்டு இருக்கு மேடம், மேட்டுல நின்னா நின்ன எடத்துல நிக்கும்.

அக்கா: எங்களுதுலயும் அது இருக்குது, டிக்கில. ரெண்டு செங்கல்.

தம்பி: லோன் பத்தி கவலையே வேணாம் மேடம், நாங்களே பண்ணித் தந்துடுவோம், ஏழு வருஷத்துக்குப் போட்டா மாசம் பதினஞ்சாயிரத்துக்குள்ள முடிஞ்சுடும்.

அக்கா: ஏழு வருஷமா குடுப்பியா? அதெல்லாம் நமக்கு ஆவாது கண்ணு, மொத்தமா குடுத்துட்டு வண்டியை எடுத்துகினு போய்டு.

தம்பி: நான் குடுக்கணுமா?

அக்கா: பின்ன, வாங்கறவன்தான குடுக்கணும்?

தம்பி: மேடம், வாங்கறது நீங்க. நான் ஷோரூம்ல இருந்து வரேன். உங்க பையன் நெட்ல புது வண்டிக்கு என்கொயரி போட்டிருந்தாரு.

அக்கா: அவன் பழைய வண்டியை விக்கறேன்னு இல்ல நெட்ல போட்டான்!

தம்பி: ரெண்டும் போட்டிருப்பாரு மேடம்.

அக்கா: அந்த மோரை இப்படிக் குடு.

தம்பி: பாதி குடிச்சிட்டேன் மேடம்.

அக்கா: மீதியக் குடு. சரி விடு, குடிச்சுத் தொலை. வந்தது வந்துட்ட, புது வண்டியும் பாக்கத்தான் வேணும். சொல்லு, என்னதான் இருக்குது உன் வண்டில?

தம்பி: மொதல்ல சன்ரூஃப் மேடம். பட்டனைத் தட்டினா கூரை அப்படியே திறந்துக்கும்.

அக்கா: எதுக்கு?

தம்பி: வானத்தைப் பாக்கலாம்.

அக்கா: வானம் எங்களுக்கு வாசல்லயே இருக்குதுப்பா. சித்திரை வைகாசி வெயில்ல கூரையைத் திறந்து வெச்சுகினு போனா ஊரு என்னைத்தான் பாக்கும். சரி, மேல க்ரேட் வெச்சுக் கட்டலாமா?

தம்பி: சன்ரூஃப் மேல வெயிட் வெக்கக்கூடாது மேடம்.

அக்கா: ரெண்டு பக்கமும் கம்பி மாதிரி போட்டிருக்கானே படத்துல, அதுல கயிறு கட்டி?

தம்பி: அந்த ரூஃப் ரெயில் டிசைனுக்கு மேடம். கட்டக்கூடாது.

அக்கா: அப்ப கூரைல ஓட்டை நெஜம், கம்பி பொய். மேல சொல்லு.

தம்பி: பத்தே கால் இன்ச் டச் ஸ்கிரீன். வாய்ஸ் கமாண்ட் இருக்கு, நீங்க பேசினா வண்டி கேக்கும்.

அக்கா: தமிழ்ல பேசினா கேக்குமா?

தம்பி: இங்கிலீஷ், ஹிந்தி மேடம்.

அக்கா: எங்க மாமியாருக்குத் தெலுங்குல திட்டத்தான் வரும். அவங்க திட்டினா இந்த எய்ட் ஹண்ட்ரட்டே ஸ்டார்ட் ஆயிடுது, உன்னுது கேக்காதா?

தம்பி: அப்டேட்ல வரலாம் மேடம். பெட்ரோல் செலவு பயமா இருந்தா சிஎன்ஜி மாடலும் இருக்கு, ரன்னிங் காஸ்ட் ரொம்பக் கம்மி.

அக்கா: சிலிண்டரு எங்க இருக்கும்?

தம்பி: டிக்கில.

அக்கா: மாங்கா?

தம்பி: ...

அக்கா: மேல வெக்கக்கூடாது, பின்னாடி சிலிண்டரு. மடில வெச்சுகினு போகவா? இல்ல அந்தக் கூரை ஓட்டை வழியா நான் எந்திரிச்சு நின்னு தலைல வெச்சுக்கவா? சொல்லு, அதுக்காகத்தான் ஓட்டை வெச்சானா?

தம்பி: மேடம், சன்ரூஃப் ஃபேமிலிக்கு மேடம், ஃபீலுக்கு. குழந்தைங்க ரொம்ப விரும்புவாங்க.

அக்கா: குழந்தைங்க அதுல தலையை நீட்டிகினு ஹைவேஸ்ல போறதை நானும் பாக்கறேன், டோல்கேட்டு கிட்ட ஒருநாள் ஒரு அப்பன் சடார்னு பிரேக் அடிச்சான், எனக்கு உசுரே போயிடுச்சு. ஆறு ஏர்பேக் வெச்சுட்டு புள்ளைய கூரைக்கு வெளிய நிறுத்தினா ஏர்பேக் யாரைப் புடிக்கும்? கம்பெனிக்காரன் நிக்கச் சொல்லலன்னு சொல்லுவ. ஆனா குழந்தைங்க விரும்புவாங்கன்னு இப்ப நீதான சொன்ன?

தம்பி: சரி மேடம், சன்ரூஃப் இல்லாத வேரியன்ட்டும் இருக்கு.

அக்கா: அதச் சொல்லு மொதல்ல.

தம்பி: அதுல ரெண்டு ஏரியால கட் ஆகும். பின்னாடி வைப்பர் வராது, டிரைவர் சீட்டு உசரம் ஏத்தி எறக்க முடியாது.

அக்கா: கூரைல ஓட்டை வேணாம்னு சொன்னா சீட்டை எறக்கிடுவியா? இது என்னப்பா நியாயம், ஓட்டல்ல வடை வேணாம்னு சொன்னா சாம்பாரை எடுத்துகினு போவானா?

தம்பி: அது கம்பெனி பாலிசி மேடம்.

அக்கா: இவ்ளோ நேரம் பேசிட்ட, யாரு ஏறப்போறாங்க, எதுக்கு வண்டின்னு ஒரு வார்த்த கேட்டியா?

தம்பி: கேக்கல மேடம். சொல்லுங்க.

அக்கா: எங்க மாமியாருக்கு மூட்டு வலி. எய்ட் ஹண்ட்ரட்டுல குனிஞ்சு உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். அதுக்காகத்தான் இதை விக்கறோம், இல்லன்னா யாரு விப்பா? போன 2023ல கூட 5,000 கட்டி ஆர்சி ரினீவல் பண்ணோம், அந்தக் காலத்துல 600 ரூவாதான் அதுக்கு. கதவு அகலமா, சீட்டு அவங்க இடுப்பு உசரத்துக்கு, ஏறப் புடிக்க ஒரு கைப்பிடி, கீழ் தோப்புக்குப் போற வண்டித்தடத்துல அடி தட்டாம போகணும், பின்னாடி க்ரேட்டு. அஞ்சு விஷயம். அதுல ஒண்ணையாச்சும் சொன்னியா நீ?

தம்பி: சீட்டு உசரம், கைப்பிடி, கிரவுண்ட் கிளியரன்ஸ் எல்லாம் இருக்குக்கா நம்ம வண்டில, நெஜமாவே.

(இங்கதான் மேடம் அக்கா ஆனாங்க.)

அக்கா: இருக்குதில்ல? அப்ப வானத்தைக் காட்டிகினு இருந்த இவ்ளோ நேரம். சரி, விலைக்கு வா. பத்து அம்பத்தி மூணு எப்படி வந்துச்சு? பேப்பர்ல எட்டரைன்னு இல்ல போட்டிருந்தான்.

தம்பி: அது எக்ஸ்-ஷோரூம்க்கா, ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேக்காத விலை. எட்டு நாப்பத்தொம்போது. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன வண்டிக்கு ஜிஎஸ்டி 18 பர்சென்ட்தான், நல்லா கொறைஞ்சிருக்கு. அதுக்கு மேல ரோடு டாக்ஸ் 13 பர்சென்ட், ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து முந்நூத்தி எழுபது.

அக்கா: அது கவர்மென்ட்டுக்கு. சரி.

தம்பி: இன்சூரன்ஸ் 41,000.

அக்கா: என் பையன் வெளிய விசாரிச்சான், இருபத்தொம்போதுக்குத் தரேன்றான்.

தம்பி: வெளிய போட்டா க்ளெய்ம் கஷ்டம்க்கா.

அக்கா: எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம்னுதான சட்டமே? கஷ்டத்தை நான் பாத்துக்கறேன், பன்னெண்டாயிரத்தை நீ எறக்கு. அடுத்து.

தம்பி: எசென்ஷியல் கிட் 22,000. மேட்டு, மட் ஃப்ளாப், சீட் கவரு, ஒரு பெர்ஃப்யூம், ஒரு சாமி ஸ்டாண்டு.

அக்கா: எசென்ஷியல்னா இல்லாம வண்டி ஓடாதா?

தம்பி: ஓடும்க்கா.

அக்கா: அடுத்து.

தம்பி: எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,500, டெஃப்லான் கோட்டிங் 6,500, ஃபாஸ்டேக் 600. அப்புறம்... ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500.

அக்கா: அத மட்டும் ஏன் மெதுவா சொல்ற?

தம்பி: தொண்டை கட்டிருக்குக்கா.

அக்கா: ஹேண்ட்லிங்னா என்ன பண்ணுவீங்க?

தம்பி: நம்ம யார்டுல இருந்து வண்டியை எடுத்து, கழுவி, ஷோரூமுக்கு ஓட்டிகினு வந்து...

அக்கா: எவ்ளோ தூரம்?

தம்பி: பக்கம்தான்க்கா.

அக்கா: கணக்கு போடுவியா நீ? போன வருஷம் பெங்களூரா மாங்காயை கூழ் ஃபாக்டரிக்கு கிலோ அஞ்சு ரூவாய்க்குக் கேட்டான். ஒம்போதாயிரத்து ஐநூறுன்னா எத்தனை கிலோ?

தம்பி: ஆயிரத்து... தொள்ளாயிரம்க்கா.

அக்கா: ரெண்டு டன்னுக்கு நூறு கிலோ கம்மி. ரெண்டு டன் மாங்கா பறிக்க மரத்துல ஆளு ஏறணும், கீழ விழாம வாங்கணும், ரகம் பிரிக்கணும், ட்ராக்டர்ல ஏத்தணும், ஃபாக்டரி வாசல்ல ராத்திரியெல்லாம் க்யூல நிக்கணும். எல்லாக் கூலியும் என் தலைல. மண்டிக்குக் கொண்டுபோனா எறக்குகூலி என் தலைல, கழிவு என் தலைல, கமிஷன் என் தலைல. விக்கறவதான் கட்டணும்னு சொல்றாங்க. சரின்னு இங்க வாங்க வந்தா, தூக்குகூலி வாங்கறவ கட்டணும்ன்ற. அப்ப எங்க போனாலும் நானேவா? விக்கற எடத்துல விக்கறவ, வாங்கற எடத்துல வாங்கறவ. ஒரு எடத்துலயாச்சும் என்னை எதிர்த்த பக்கம் உக்கார வெய்ங்களேன்டா, பாத்துக்கறேன்.

தம்பி: அக்கா, நான் சம்பளத்துக்கு இருக்கறவன்க்கா. ஹேண்ட்லிங் கம்மி பண்ணணும்னா மேனேஜர்கிட்டதான் பேசணும்.

அக்கா: எங்க அவரு?

தம்பி: மீட்டிங்ல இருப்பாரு.

அக்கா: எப்ப முடியும்?

தம்பி: நீங்க புக் பண்ணதுக்கு அப்புறம்.

அக்கா: நல்ல மீட்டிங்கு. சரி, பழைய வண்டிக்கு எவ்ளோ தருவீங்க?

தம்பி: எக்ஸ்சேஞ்ச்ல... 28,000 வரும்க்கா.

அக்கா: அது எக்ஸ்-வேப்பமரம். எல்லாம் சேத்து ஆன் ரோடு கேளு. மரத்தடில இருந்து கேட்டு வரைக்கும் தள்ளணும், ஹேண்ட்லிங் 9,500. டேஷ்போர்டுல முருகரு, சீட்டு மேல துண்டு, டிக்கில செங்கல், இதெல்லாம் எசென்ஷியல் கிட்டு, 22,000.

தம்பி: செங்கல் வேணாம்க்கா.

அக்கா: வேணாம்னா பின்னாடி வைப்பரைக் கழட்டிடுவேன். அது எங்க பாலிசி.

தம்பி: எய்ட் ஹண்ட்ரட்டுக்கு ஏதுக்கா பின் வைப்பரு?

அக்கா: இல்லையா? அப்ப சீட்டை எறக்கிடறேன்.

தம்பி: அக்கா, அக்கா. சன்ரூஃப் இல்லாத மாடலு, கிட்டு வேணாம், கோட்டிங் வேணாம், இன்சூரன்ஸ் வெளிய. எழுதிக்கறேன். ஞாயித்துக்கிழமை வண்டியே கொண்டாரேன், பாட்டியை ஏத்தி எறக்கிப் பாருங்க, தோப்புத் தடத்துல ஓட்டிப் பாருங்க.

அக்கா: ஹைவேஸ்ல டோல்கேட்டு வரைக்கும் போய்ட்டுத் திரும்பறதுதான் டெஸ்ட் டிரைவ்னு சொன்னானே போன ஷோரூம்காரன்.

தம்பி: தடத்துலயே போலாம்க்கா. ஹேண்ட்லிங் மட்டும் இப்ப எழுத முடியல.

அக்கா: எழுதாத. க்ரேட்டு மூணு எடுத்து வெக்கறேன், ஏத்திப் பாத்துட்டுப் பேசலாம்.

தம்பி: சரிக்கா. அக்கா, பழம் நல்லா இருந்துச்சு, இந்த செந்தூரா வீட்டுக்கு ஒரு பத்து கிலோ கிடைக்குமா?

அக்கா: கிடைக்குமே. கிலோ நாப்பது.

தம்பி: நானூறுதான, குடுங்கக்கா, ஜிபே பண்ணிடறேன்.

அக்கா: நானூறு எக்ஸ்-தோப்பு. காம்பு கிள்ளி பால் வடிய வெச்சது அம்பது, வைக்கோல் கிட்டு எழுபது, அழுகாதுன்றதுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி மூணு நாளைக்கு நூறு. ஹேண்ட்லிங் நூத்தி இருபது.

தம்பி: ஹேண்ட்லிங் எதுக்குக்கா, கொட்டாய் இந்தா பக்கத்துலதான இருக்கு?

அக்கா: கம்மி பண்ணணும்னா மேனேஜர்கிட்ட பேசணும் கண்ணு.

தம்பி: எங்கக்கா அவரு?

அக்கா: மாடு கறக்கறாரு. மீட்டிங்கு முடிய நேரமாகும், நீ மொதல்ல பணத்தை போடு.