மருத்துவக் காப்பீட்டை அமலாக்கிய முதல்வர் டக்ளஸ் அல்ல

"1962-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண முதல்வர் டாமி டக்ளஸ், வேலைநிறுத்தம் செய்த மருத்துவர்களுக்குப் பணியாமல் பொது மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தார்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பாதிதான் சரி.

திட்டத்தை முன்வைத்து 1960 தேர்தலில் வென்றவர் டக்ளஸ்தான். ஆனால் 1961 நவம்பரிலேயே, புதிய ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமையை ஏற்க, முதல்வர் பதவியை விட்டுவிட்டார்.

அப்புறம் வந்தவர் உட்ரோ லாயிட். பள்ளி ஆசிரியர், 1944 முதல் 1960 வரை கல்வி அமைச்சர், பிறகு நிதி அமைச்சர். 1962 ஜூலை 1-இல் காப்பீடு நடைமுறைக்கு வந்த அன்றே மருத்துவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த 23 நாள் நெருக்கடியைத் தாங்கியவர் இவர்தான். சில சலுகைகள் தந்தார், திட்டத்தை விடவில்லை. 1964 தேர்தலில் அவரது கட்சி ஆட்சியை இழந்தது.

டக்ளஸின் படத்தைப் போடுங்கள், தவறில்லை. பக்கத்தில் லாயிடுக்கும் ஓர் இடம் விடுங்கள்.