வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தினால் என்ன?

உப்பளக் காணிகளில் சூரியக் குளம் அமைத்து மின்சாரம் எடுக்கலாம் என்ற கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கை யாராவது சொல்ல வேண்டும். சூரியக் குளம் என்பது வெயிலின் சூட்டைச் சேமித்து வைக்கும் உப்புநீர்க் குளம்: அடியில் கனமான உப்புக் கரைசல், மேலே நல்ல தண்ணீர், நடுவில் உப்பு படிப்படியாகக் குறையும் அடுக்கு. சூடான கரைசல் கனமாக இருப்பதால் மேலே வராது, அதனால் அடி 80 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்தக் கரைசலை நடு அடுக்கு கலையாமல் மெதுவாக உறிஞ்சி, வெப்பமாற்றி வழியே விட்டு, குறைந்த சூட்டில் கொதிக்கும் வேறொரு திரவத்தை ஆவியாக்கித்தான் டர்பைனைச் சுற்ற வேண்டும். சரி, சுற்றும். ஆனால் எங்கள் திருகோணமலையில் குளிர்விக்கக் கிடைக்கும் கடல்நீரே 28, 30 பாகை. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில், விழும் வெயிலில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான் மின்சாரமாகும், சாதாரண சோலார் பேனலோ 20 பங்கு வரை தரும். இஸ்ரேலில் சாக்கடல் அருகே 1984இல் 5 மெகாவாட் நிலையம் கட்டி, சில வருடங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் அலை எழும்பி அடுக்கைக் கலக்கும், அதற்கு மேலே மிதக்கும் வலை போட வேண்டும். மார்கழி மழை மேலே நல்ல தண்ணீரைச் சேர்ப்பது மட்டும் உதவி.

குளத்தின் பெரிய பலம், இரவிலும் சூடு இருப்பது. குஜராத்தின் பூஜில் 6000 சதுர மீட்டர் குளம் ஒரு பால் பதனிடும் ஆலைக்குச் சுடுநீர் கொடுத்தது. நிலாவெளிப் பக்கம் கருவாடு காயவைக்கிறவர்கள் மாரியில் படும் பாட்டைப் பார்த்தால், அவர்களுக்கு இந்தக் குளத்துச் சூட்டில் இயங்கும் ஒரு உலர்த்தும் கூடம்தான் முதலில் வேண்டும். மின்சாரத்துக்கு எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் சோலார் பேனல் போடட்டும்.