மோவாவின் வாரிசு யார்?

(நியூசிலாந்தில் ஓர் அருங்காட்சியகம். அழிந்துபோன ராட்சதப் பறவையான மோவாவின் எலும்புக்கூட்டின் முன், தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் எழுதியே ஓய்வுபெற்ற கணேசன். விளக்கப் பலகையைப் படிக்கும் மனைவி மீனாட்சி.)

கணேசன்: இறந்தது எப்போது?

மீனாட்சி: சுமார் 600 வருடம் முன்பு. இங்கே முதலில் குடியேறிய மாவோரிகள் வந்து சேர்ந்த 200 வருடத்துக்குள் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள்.

கணேசன்: சரி, வாரிசு கிவிப் பறவைதானே? ஒரே ஊர். இரண்டும் பறக்காது.

மீனாட்சி: அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1992இல் எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால், நெருங்கிய சொந்தமே இல்லை. கிவிக்குச் சொந்தம் மடகாஸ்கரில் இருந்த யானைப்பறவையாம். 2014இல் கண்டுபிடித்தார்கள்.

கணேசன்: கோழி அளவு கிவிக்கு யானைப்பறவையா? அது எவ்வளவு பெரிசு?

மீனாட்சி: 10 அடி உயரம். எடை அரை டன்.

கணேசன்: மனு தள்ளுபடி. விலாசமும் பொருந்தவில்லை, சாயலும் இல்லை. அப்போ மோவாவுக்கு யார்தான்?

மீனாட்சி: தென் அமெரிக்காவில் டினமூ என்று ஒன்று. பார்க்கக் கௌதாரி சாயல். அது பறக்கும்.

கணேசன்: இறக்கை எலும்பே இல்லாத குடும்பத்தில் பறக்கிறவன் எப்படி வந்தான்?

மீனாட்சி: தலைகீழாகக் கேட்கிறீர்கள். மூதாதைகள் எல்லாம் பறந்தவைதான். ஆங்காங்கே போய் இறங்கி, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பறப்பதை விட்டுவிட்டன. டினமூ மட்டும் விடவில்லை. முன்பு, தென்பகுதி நிலங்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்ட்வானா என்ற பழைய கண்டம் உடைந்தபோது துண்டுக்கு ஒன்றாகப் பிரிந்தன என்றார்கள்.

கணேசன்: அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் செல்லாதா! சரி, பக்கத்தில் சின்னதாக நிற்கிறதே, பிள்ளையா?

மீனாட்சி: புருஷன்.

கணேசன்: என்னது?

மீனாட்சி: பெண் 200 கிலோவையும் தாண்டும். ஆண் அதில் பாதிகூட இல்லை. அளவைப் பார்த்து வேறு வேறு இனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2003இல் டிஎன்ஏ பார்த்த பிறகுதான் புருஷன் பெண்டாட்டி என்று தெரிந்ததாம்.

கணேசன்: தம்பதியைத் தனித்தனிப் பதிவேட்டிலா வைப்பார்கள்? நம் ஊரில் இப்படி நடக்குமா?

மீனாட்சி: நம் ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவி நான். உங்களை மகன் என்று போட்டிருந்தார்களே?

கணேசன்: அது கம்ப்யூட்டர் தவறு. திருத்த மனு கொடுத்தேனே!

மீனாட்சி: கொடுத்தீர்கள். புது அட்டையில் மருமகன் என்று வந்தது.