படிகளுக்கு முன் வடிகால்

மலைச்சரிவுக் குடியிருப்புகளில் கைவிடப்பட்ட பொது நடைபாதைகளையும் படிக்கட்டுகளையும் மீட்க வேண்டும் என்று வலியுறுத்தும், நான் படித்த ஒரு கட்டுரையை முழுமையாக வரவேற்கிறேன். ஆனால் புதர் நீக்கிச் சிமென்ட் பூசினால் போதும் என்ற அதன் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. சரிவில் இறங்கும் மழைநீர் படிகளுக்கு அடியில் புகுந்து மண்ணை அரித்துச் செல்வதால்தான் பெரும்பாலான படிகள் ஒருபுறமாகச் சாய்ந்து பிளக்கின்றன. பக்கவாட்டில் வடிகாலும், தடுப்புச்சுவரில் நீர் வெளியேறும் துளைகளும் இல்லாமல் மேலே பூசப்படும் பூச்சு சில மழைக்காலங்களிலேயே பெயர்ந்துவிடும்.

பழுதுபார்ப்பவர்கள் ஓரிரு படிகளின் மேல் மட்டும் கலவையைக் கொட்டிச் செல்வது அதைவிட ஆபத்தானது. இரண்டு படி உயரங்களும் ஒரு மிதியகலமும் (கால் பதிக்கும் பரப்பின் முன்பின் அளவு) சேர்ந்து ஏறத்தாழ 60 முதல் 65 சென்டிமீட்டர் வர வேண்டும் என்பது கட்டடக்கலையின் பழைய விதி. அதைவிட முக்கியம், எல்லாப் படிகளும் ஒரே உயரத்தில் இருப்பது. ஏனெனில் கால் முதல் சில படிகளிலேயே அளவைப் பழகிக்கொள்கிறது, பிறகு ஒரு படி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மாறினாலும், குறிப்பாக இறங்கும்போது, முதியவர்கள் தடுமாறி விழுகிறார்கள். கைப்பிடிக் கம்பி கட்டாயம் தேவை.

பாதையின் சட்ட நிலையையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 700-க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் உள்ளன; அவற்றுள் பல, அதிகாரப்பூர்வமாகத் தெருக்களாகவே பதிவாகியுள்ளன. அவ்வாறு பதிவு செய்யப்படாத பாதையைப் பக்கத்து வீட்டு வேலி சிறிது சிறிதாக விழுங்கிவிடும். எனவே பணி தொடங்குமுன் நில அளவை செய்து எல்லைக்கற்களை நடுவதையே உள்ளாட்சி நிர்வாகத்திடம் நாம் முதலில் கேட்க வேண்டும்.