கல் வீட்டுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

திருநெல்வேலி மாவட்டம் இடையன்குடியில் பிஷப் கால்டுவெல் வாழ்ந்த வீடு அரசு நினைவு இல்லமாகிவிட்டது. பாளையங்கோட்டையிலும் கிறிஸ்தவ மிஷன் ஊர்களிலும் அதே காலத்தில் எழுந்த, யார் பேரும் ஒட்டாத கல் வீடுகளைத்தான் ‘ரிப்பேர்’ என்ற பேரில் பாழாக்குகிறோம்.

திருநெல்வேலி பக்கத்துத் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியதே 1949-இல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவர் என்றால் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். கல்லிடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். சிப்பித் துணுக்கு தட்டுப்பட்டால் அது கடற்கரைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. உதிர்ந்த பூச்சின் ஓரத்தில் ஏடு ஏடாக வெள்ளையடிப்பு தெரியும். பத்திரத்தில் இல்லாத வரலாறு அங்கே இருக்கிறது. சிமெண்ட் பூசுவதற்காகக் கொத்தித் தள்ளும்போது முதலில் போவதும் அதுதான்.

கருங்கல் தண்ணீர் குடிக்காது, காரை குடிக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாகவே வெளியேறி உலர வேண்டும். மேலே சிமெண்டை அப்பினால் வழி அடைபட்டு ஈரம் இன்னும் உயரே ஏறும், உள்ளே உப்பு பூக்கும். முழங்கால் உயரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும் இடத்தை விரலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். கொஞ்ச நாளில் பாளம் பாளமாக விழும். அதற்கு மேல் இன்னொரு கோட்டிங் சிமெண்ட் பூசச் சொல்பவரை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் அதே கெடுதல்தான்.

சிமெண்டை சிற்றுளியால் மெதுவாகப் பெயர்த்து எடுக்க வேண்டும், டிரில் மெஷின் வேண்டாம். இடுக்கில் செத்த காரையை ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, சுவரை நனைத்துக்கொள்ளுங்கள். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரம் கிடக்கட்டும். நீறாத கட்டி உள்ளே போனால் பிறகு அங்கங்கே வெடித்துத் தெறிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் கைப்பக்குவம், ஆனால் கருப்பட்டி கூடினால் காரை இறுகாது. அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூச வேண்டாம். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்த காரை பொடியாகத்தான் உதிரும்.

தட்டட்டியையும், அதாவது மொட்டை மாடித் தளத்தையும், விடாதீர்கள். அதில் பதித்த தட்டை ஓடுகளின் இணைப்பில் கசியும் தண்ணீர் நேரே சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்திரத்தின் முனைக்குப் போகிறது. வெளியே தெரிவதற்குள் முனை உளுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தெருவைப் பாருங்கள். பழசைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் எத்தனையோ வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை அஸ்திவாரத்தில் தேங்கும் வரைக்கும் எந்தப் பூச்சும் நிற்காது. சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் வெளியே வடிய வாட்டம் கொடுத்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.