1.12 பெரிதா, 1.74 பெரிதா?

'பேஸ்பால் பந்துவீச்சாளர் பாப் கிப்சனின் 1968 ஈஆர்ஏ (ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த சராசரி ஓட்டங்கள்; குறைய குறைய நல்லது) 1.12, 2000இல் பெட்ரோ மார்டினெஸுடையது 1.74. வெவ்வேறு காலத்து வீரர்களை மோதவிடும் சிமுலேஷன் கேமில் பெட்ரோவை மேலே வைப்பது அநியாயம்' என்கிறீர்கள். எண்கள் சரிதான் நண்பரே, முடிவுதான் இடிக்கிறது.

1968 மட்டையாளர்கள் திணறிய ஆண்டு. அமெரிக்க பேஸ்பாலின் இரு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் முழுக்க, மட்டையடிச் சராசரியில் .300ஐ (பத்து முயற்சிக்கு மூன்று வெற்றி அடி) தாண்டியவர் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவர்தான், அதுவும் .301. நிலைமை அவ்வளவு மோசமாகப் போனதால்தான் அடுத்த ஆண்டே பந்து வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். கிப்சன் ஆடிய மற்றொரு லீக்கான நேஷனல் லீக்கின் சராசரி ஈஆர்ஏ ஏறக்குறைய 3. பெட்ரோ வீசிய ஆண்டில் அமெரிக்கன் லீக் சராசரி 4.9. வகுத்துப் பாருங்கள்: கிப்சன் சராசரியில் சுமார் 37 சதவீதம், பெட்ரோ 35. காலத்தைச் சமன்செய்யும் கேம்கள் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான், வெறும் எண்ணை அல்ல.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம். கிப்சன் 304 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார், 28 ஆட்டங்களைத் தானே முடித்தார். பெட்ரோ 217 இன்னிங்ஸ்தான். முழு சீசன் ஓட்டினால் நானும் கிப்சனைத்தான் எடுப்பேன். ஒரே ஒரு ஆட்டம் என்றால் பெட்ரோ.