கடலைக் காணோம்

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான வெஸ்டன்-சூப்பர்-மேர் போய் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பள்ளி விடுமுறை என்றதும் அறை வாடகை இரண்டு மடங்கு. சரி, பள்ளி நாளில் போகலாமென்றால், ஐந்து நாள் மட்டம் போட்டாலே ஒரு பிள்ளைக்கு அப்பாவுக்கு 80 பவுண்டு, அம்மாவுக்கு 80 பவுண்டு அபராதம். அறை கிடைப்பது மாலை 4 மணிக்கு, மறுநாள் காலை 10 மணிக்குக் காலி செய்துவிட வேண்டும். அதற்குள் பிள்ளைக்குக் கடலைக் காட்ட ஓடினால் கடலையே காணோம்! ஊரை ஒட்டிய கடற்பகுதியான பிரிஸ்டல் கால்வாயில் நீர் வடியும்போது ஒரு மைலுக்கு மேல் உள்வாங்கிவிடுமாம். எதிரே வெறும் சேறு, இறங்காதே என்று எச்சரிக்கைப் பலகை வேறு. வாளியைப் பிடித்தபடி மகள் "தண்ணி எங்கப்பா?" என்கிறாள். விளம்பரத்தில் மட்டும் அலை ததும்பும் படம் போடத் தெரிகிறதே, அப்படியே கடல் ஏறும் நேரத்தையும் ஒரு வரி எழுதினால் என்ன?